மீன் படம் போட்ட பிளாஸ்திரி

— ரெண்டு பக்கமும் எடுக்கணுமாக்கா, மேல் பக்கம் மட்டும் போதுமா?

— எதை வேணா எடுங்க. நான் ஜெராக்ஸ் எடுக்க வரல.

— பேப்பர் குடுத்தீங்களே?

— கையை வீசிக்கிட்டு வந்து கடை வாசல்ல நின்னா என்ன ஏதுன்னு கேப்பீங்கள்ல, அதுக்காகக் குடுத்தேன். மேல யார் பேரு போட்டிருக்குன்னு பாருங்க.

— அடுத்தவங்க ரிப்போர்ட்டை நாங்க படிக்கறதில்லக்கா. கண்ணை மூடிக்கிட்டுதான் காப்பி எடுப்போம்.

— இன்னிக்கு ஒரு நாள் தொறந்து பாருங்க.

— இது... லேத்து அண்ணன் பேராச்சே.

— அவரேதான். நான் அவர் வீட்டுக்காரி.

— அக்கா, நீங்களா? எத்தனை நாளா உங்களைப் பாக்கணும்னு நினைச்சுக்கிட்டிருக்கேன் தெரியுமா? உக்காருங்கக்கா. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோங்க. இருங்க, ஃபேனை உங்க பக்கம் திருப்பறேன்.

— ஃபேனெல்லாம் வேணாம். மெத்தைக் கடையில அரை நாள் லீவு சொல்லிட்டு, என்ன பேசணும்னு வழியெல்லாம் ஒத்திகை பாத்துக்கிட்டே வந்திருக்கேன். நீங்க உபசாரம் பண்ணா எனக்கு எல்லாம் மறந்துரும்.

— தண்ணியாவது குடிங்க. மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு.

— குடுங்க. ... அது என்ன, மெஷினுக்குப் போயி பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்கீங்க?

— குருவி வேலைக்கா. என் பொண்ணு. இந்த மெஷின் அப்பப்ப பேப்பரைக் கடிச்சுக்கிட்டு நிக்கும். நான் தட்டுவேன். 'பாவம்மா, அதுக்கு வலிக்குது'ன்னு ஒட்டி விட்டுட்டா. யாராவது ஆன்னு சொல்லிறக் கூடாது, பிளாஸ்திரியைத் தூக்கிட்டு ஓடி வந்துருவா. ரத்தம் ஏத்தற வார்டுல நர்ஸம்மா குடுக்கறது, மீன் படம் போட்டது. எங்க வீட்டு நாற்காலிக்கெல்லாம் ஒட்டியிருக்கா.

— இப்ப எங்க அவ?

— ஸ்கூலுக்குப் போயிருக்கா. ரத்தம் ஏத்தி ஒரு வாரந்தான் ஆகுது, அதனால துள்ளிக்கிட்டுப் போறா. போகப் போக வாடிருவா. மாசக் கடைசியில பையைக்கூட நான்தான் தூக்கணும்.

— அவர் சொல்லியிருக்காரு. பொறந்ததுல இருந்தே இப்படியாமே.

— ஆமாக்கா. ரத்தம் ஊறும், நிக்காது. உடைஞ்சு உடைஞ்சு போயிரும். நாம ஏத்திக்கிட்டே இருக்கணும்.

— நானும் புள்ள பெத்தவதான். ஆனா நான் நேராப் பேசறவ, சுத்தி வளைக்கத் தெரியாது. சொல்லிடறேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. இனிமே எங்க வீட்டுக்காரரைக் கூப்பிடாதீங்க.

— ...சரிக்கா.

— மாசம் பொறந்தா போதும், உங்க நம்பர்ல இருந்து போன் வருது. அந்த மனுஷனும் எண்ணெய்க் கையைத் துடைச்சுக்கிட்டு, நல்ல சட்டையா எடுத்து மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறாரு. தனக்கு மிஞ்சித்தானே தானமும் தர்மமும்? அவர் உடம்புல என்ன மிஞ்சியிருக்குன்னு அந்தப் பேப்பர்லயே போட்டிருக்கு, பாத்துக்கோங்க.

— நான் கூப்பிடறது வந்துக்கா... ஊசி குத்தறப்ப குருவி ரொம்ப அழுவா. மாமா வந்தாத்தான் கையை நீட்டுவேங்கறா. அதனாலதான்...

— அழத்தான் செய்வா, குழந்தைதானே. அந்த அழுகையைக் கேட்டா அவர் இல்லைன்னு சொல்லுவாரா? தெருநாய் நொண்டினாலே கூட நாலு அடி நொண்டிக்கிட்டுப் போற மனுஷன். உங்களை நான் குத்தம் சொல்லல. உங்க இடத்துல நான் இருந்தா அவர் கால்ல விழுந்தாவது கூட்டிட்டுப் போயிருப்பேன். ஆனா எனக்கு இருக்கறது ஒரே ஒரு புருஷன்.

— இனிமே கூப்பிடலக்கா. சத்தியமா.

— என்னங்க இது, இவ்ளோ லேசாச் சொல்றீங்க? நான் சண்டைக்குத் தயாரா வந்தேன்.

— உங்ககூட நான் என்ன சண்டை போட? நாலு வருஷம் அவர் குடுத்த ரத்தத்துல என் பொண்ணு நடமாடிக்கிட்டிருக்கா. அதனாலதான் அவருக்கு இப்படி ஆச்சுன்னா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வாயைத் தொறக்கறது? மன்னிச்சுக்கோங்கக்கா.

— மன்னிப்பெல்லாம் எதுக்கு. விடுங்க. நீங்க எதிர்த்துப் பேசியிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

— எப்படிக்கா இருக்காரு இப்ப? என்கிட்ட கேட்டா, 'எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்'ம்பாரு.

— குத்துக்கல்லுதான், காத்தடிச்சா சாயற குத்துக்கல்லு. மாடி ஏறினா நடுவுல நின்னு சுவத்துல இருக்கற விரிசலை ஆராய்ச்சி பண்றாரு. மூச்சு வாங்கறது எனக்குத் தெரியக் கூடாதாம். நகமெல்லாம் ஸ்பூன் மாதிரி குழிஞ்சு போச்சு. ஃப்ரிட்ஜைத் தொறந்து ஐஸ் கட்டியை எடுத்துக் கடகடன்னு கடிக்கறாரு. முதல்ல நான் வெயிலுக்குன்னுதான் நினைச்சேன். அப்புறம் பட்டறையில லேத்துக்கு முன்னாடியே மயங்கி விழுந்துட்டாரு. ஓடற மெஷின். சட்டை மாட்டியிருந்தா என்ன ஆயிருக்கும் சொல்லுங்க? அப்பத்தான் இழுத்துக்கிட்டுப் போயி டெஸ்ட் எடுத்தோம். ரத்தம் எட்டுதான் இருக்குன்னாங்க.

— எட்டா.

— இரும்புச்சத்தே இல்லையாம். டாக்டர் சொன்னதும் இவர் சிரிக்கறாரு. 'டாக்டர், இருவது வருஷமா இரும்புலதான் பொரண்டு எந்திரிக்கறேன், சாப்பாட்டுலயே இரும்புத் தூள்தான், எனக்கா இல்லைங்கறீங்க'ங்கறாரு. டாக்டரும் சிரிச்சுட்டாரு. எனக்குத்தான் சிரிப்பு வரல.

— அப்புறம் மாத்திரை குடுத்திருப்பாங்களே.

— குடுத்தாங்க. அது ஒரு பெரிய கதை. வெறும் வயித்துல போட்டா குமட்டுது, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சுருண்டு படுத்துக்கறாரு. சாப்பிட்டுப் போட்டா உடம்புல ஒட்டாதாம். சரின்னு வேற மாத்திரை. அது மலத்தைக் கட்டிருச்சு. அப்புறம் தண்ணி மருந்து. பல்லெல்லாம் கறுத்துப் போச்சுன்னு ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சுன்னாங்க. அம்பது வயசு ஆளு சமையக்கட்டுல நின்னு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சறதைப் பாக்கணுமே நீங்க. ஈரல், கீரை, பேரீச்சம்பழம், எதையும் நான் விடல. இரும்புச் சட்டியில சமைச்சா நல்லதுன்னு யாரோ சொன்னாங்க. அதை இவர்கிட்ட சொல்லித் தொலைச்சேன். மறுநாளே பட்டறையில ஒரு இரும்புக் குண்டு கடைஞ்சு எடுத்துட்டு வந்துட்டாரு. எலுமிச்சம்பழம் அளவு, பளபளன்னு. 'இதைப் போட்டு தண்ணி கொதிக்க வை'ங்கறாரு. நானும் வச்சேன், பாத்துக்கோங்க. அறிவு கெட்டுப் போயி தினமும் இரும்பை வேக வச்சுக்கிட்டிருக்கேன்.

— ஏறுச்சாக்கா?

— எங்க ஏற? மூணு மாசம் கழிச்சு எடுத்த ரிப்போர்ட்தான் உங்க கையில இருக்கறது. ஏழு.

— கொறஞ்சிருக்கு.

— கொறஞ்சிருக்கு. மாத்திரை, மருந்து, ஈரல், குண்டு, எல்லாத்தையும் தின்னுட்டு ஒண்ணு கொறஞ்சிருக்கு.

— ஃபெர்ரிட்டின் நாலுன்னு போட்டிருக்கே.

— அது வேற உங்களுக்குத் தெரியுமா?

— எங்க வீட்டுல அதைத் தவிர வேற பேச்சு ஏதுக்கா? உடம்பு சேத்து வச்சிருக்கற இரும்பு அது. குருவிக்கு மூவாயிரத்துக்கு மேல.

— மூவாயிரமா?

— ஏத்தற ரத்தத்துல இருக்கற இரும்பு வெளிய போக வழி இல்லக்கா. ஈரல்ல, இதயத்துல போயி படிஞ்சிரும். அதை வெளியேத்தறதுக்கு தினமும் காலையில வெறும் வயித்துல மருந்து கரைச்சுக் குடுக்கறேன். அவளும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் படுப்பா.

— உள்ள போகணும்னு இவருக்கு வெறும் வயித்துல. வெளிய வரணும்னு அவளுக்கு வெறும் வயித்துல.

— சாப்பாட்டோட டீ குடிச்சா இரும்பு ஒட்டாதுன்னு அவளை டீ குடிக்கச் சொல்லியிருக்காங்க.

— இவருக்கு டீயைக் கண்ணுலயே காட்டாதீங்கன்னாங்க. டீயை நிறுத்தினப்ப மனுஷன் ரெண்டு நாளு என்கூட மூஞ்சி குடுத்துப் பேசல. கடவுள் பரிமாறற லட்சணத்தைப் பாருங்க. ஒருத்தர் தட்டுல கொட்டறான், பக்கத்துத் தட்டைத் திரும்பிக்கூடப் பாக்கல.

— டிரிப்ஸ்ல இரும்பு ஏத்துவாங்களேக்கா. வயித்துக்கு ஒத்துக்காதவங்களுக்கு அதுதான் நல்லது. எங்க வார்டுலயே பாத்திருக்கேன்.

— அதுவும் கேட்டோம். முதல் தடவையே டாக்டர் சொன்னாரு. 'ஏத்தறதுக்கு ஒண்ணும் இல்லம்மா, எவ்வளவு வேணாலும் ஏத்தலாம். ஆனா ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தி என்ன பிரயோஜனம்? பொம்பளைங்கன்னா மாசாமாசம் போகுதுன்னு சொல்லலாம். ஆம்பளைக்கு இவ்வளவு கொறைஞ்சா உள்ள எங்கயோ ரத்தம் ஒழுகுதுன்னு அர்த்தம். வாய் வழியா ஒரு தடவை, கீழ ஒரு தடவை, குழாய் விட்டுப் பாத்துருவோம்'னாரு.

— பாத்தீங்களா?

— எங்க பாத்தோம்? குழாய்ன்னதும் இவர் மூஞ்சி செத்துப் போச்சு. அதுக்குக் காரணம் இருக்கு. இவங்க அண்ணன் வயித்து வலின்னு போயி, குழாய் விட்டுப் பாத்தாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து கட்டில்ல படுத்தவர்தான். எந்திரிக்கவே இல்ல. அந்தக் குழாய்தான் அண்ணனைக் கொன்னுச்சுன்னு இவர் மனசுல ஒரு நினைப்பு. சீக்கு முன்னாடியே உள்ள இருந்துச்சு, குழாய் என்ன பண்ணும்னு நான் படிச்சுப் படிச்சு சொல்லிட்டேன். செவிடன் காதுல ஊதின சங்கு.

— அப்ப டாக்டர்கிட்ட என்ன சொன்னாரு?

— அங்கதான் உங்க விஷயம் வருது. 'டாக்டர், ஓட்டை எங்கன்னு தேடவே வேணாம், இதோ இங்கதான்'னு முழங்கையைத் தட்டிக் காட்டினாரு. ஒரு குழந்தைக்கு வருஷக்கணக்கா ரத்தம் குடுத்துக்கிட்டிருக்கேன்னாரு. டாக்டர் என்னைப் பாத்தாரு. நான் ஆமான்னு தலையாட்டினேன். 'கூப்பிடறப்பெல்லாம் போவாரு டாக்டர், நானே சட்டை எடுத்துக் குடுக்கறேன்'னு சொன்னேன். அப்பத்தான் டாக்டர் முகம் தெளிஞ்சுச்சு. 'அப்படின்னா சரி, குடுக்கறதை நிறுத்துங்க, மாத்திரையைப் போடுங்க, மூணு மாசத்துல தானா ஏறிரும். ஏறலைன்னா குழாய் டெஸ்ட்டைப் பத்திப் பேசலாம்'னாரு.

— நீங்க சொன்னதாலதான் அந்த டெஸ்ட்டை விட்டாங்க.

— ஆமா. இருக்கறதைத்தானே சொன்னேன்? நாளைக்கு மறுபடி போகணும். ஏறல. ஏன் ஏறல? இவர் நிறுத்தல, அதான். எனக்குத் தெரியாம இன்னும் உங்க பொண்ணுக்குக் குடுத்துக்கிட்டிருக்காரு. அதைக் கேக்கத்தான் நான் இங்க வந்தேன்.

— அக்கா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அவருக்கு வெளிய கறுப்பாப் போகுதா?

— போகும்னு டாக்டரே சொன்னாரே. இரும்பு மாத்திரை போட்டா எல்லாருக்கும் அப்படித்தானாம்.

— மாத்திரை போடறதுக்கு முன்னாடி?

— அதை யாரு பாத்தா? ... இருங்க. ஒரு தடவை அவரே சொன்னாரு. தார் மாதிரி போகுதுடின்னாரு. அப்ப மாத்திரையெல்லாம் இல்ல. நான் பயந்துட்டேன். 'பட்டறைத் தூசியை மூக்கு வழியா தின்னா வேற எப்படிப் போகும், தங்கமாவா போகும்'னு சிரிச்சாரு. அவர் சட்டையைத் தொவைச்சாலே தண்ணி கறுப்பாத்தான் போகும், அதனால எனக்கும் சரின்னு பட்டுச்சு. ஏன் கேக்கறீங்க?

— ஒண்ணும் இல்லக்கா. கடைசியா எப்ப ரத்தம் குடுத்ததாச் சொன்னாரு?

— சொல்லிட்டா செய்வாரு? நான்தான் கண்டுபிடிச்சேன். போன வாரம், உங்க பொண்ணுக்கு ஏத்தின அன்னிக்கு. சாயங்காலம் வந்து முழுக்கை சட்டையை மடிக்காமலே சாப்பிட உக்காந்தாரு. எனக்கு சந்தேகம். கையைப் பிடிச்சு மேல ஏத்தினேன், முழங்கைக்கு உள்பக்கம் இந்த பிளாஸ்திரிதான். இதே மீன். சொல்லப்போனா இங்க வந்து உங்க மெஷின்ல இதைப் பாத்ததும் எனக்கு அதைப் பிச்சு எறியணும் போல இருந்துச்சு.

— அக்கா, அது வந்து...

— நீங்க அவருக்காகப் பொய் சொல்ல வேணாம். அவரைக் காட்டிக் குடுக்கவும் வேணாம், பாவம். இருங்க, உங்க முன்னாடியே போன் போட்டுக் கேக்கறேன். ஸ்பீக்கர்ல போடறேன், நீங்களும் கேளுங்க.

— வேணாம்க்கா, முதல்ல நான் சொல்றதை...

— ஷ்ஷ், மணி அடிக்குது.

— சொல்லுங்க மகாராணி. மெஷின் ஓடுது, கொஞ்சம் சத்தமாப் பேசு.

— எங்க இருக்கீங்க?

— பட்டறையிலதான். வேற எங்க, அரண்மனையிலயா?

— ஏன் மூச்சு இப்படி வாங்குது?

— ஒரு இரும்புத் தண்டைத் தூக்கி மெஷின்ல மாட்டினேன். அது என்ன பூமாலையா? என்ன விஷயம், சொல்லு.

— ஒண்ணு கேப்பேன். மறைக்காம பதில் சொல்லணும். போன வாரம் அந்தக் குழந்தைக்கு ரத்தம் குடுத்தீங்களா?

— என்ன கேட்ட? மெஷின் சத்தம்.

— காதுல விழுதா?

— விழுது, விழுது. இரு, மெஷினை நிறுத்திக்கறேன். ... ஆமா, குடுத்தேன்.

— டாக்டர்கிட்ட நிறுத்திட்டேன்னு சொன்னீங்களே.

— சொன்னேன். மனசு கேக்கல. அந்தப் புள்ள மூஞ்சியைப் பாத்துட்டு நீயா இருந்தா சும்மா வந்துருவியா?

— அப்ப மூணு மாசமா நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினது, இரும்பை வேக வச்சது, எல்லாம் வீணா?

— திட்டிக்கோ. குனிஞ்சு நிக்கறேன், நாலு குத்து குத்து. இனிமே குடுக்கல, சத்தியம், போதுமா? ஏன் ஏறலைங்கறதுதான் தெரிஞ்சு போச்சுல்ல. நாளைக்கு அந்தக் குழாய் கிழாய்னு ஆரம்பிச்சா, டாக்டர்கிட்ட இதையே சொல்லிரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீ சொன்னாத்தான் அவர் நம்பறாரு.

— வலி ஏதாச்சும் இருக்கா உங்களுக்கு?

— எனக்கென்னடி வலி? வேலை கெடக்கு, வச்சுடறேன்.

— ... கேட்டீங்கள்ல? அவர் வாயாலயே சொல்லிட்டாரு. எனக்கு இப்பத்தான் மூச்சே வருது. சொல்லவே பயமா இருந்துச்சு, உங்ககிட்ட சொல்றேன். ஏழுன்னு பாத்ததுல இருந்து அவங்க அண்ணன் மூஞ்சிதான் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. இங்க வர்றப்ப, கடவுளே, இவர் திருட்டுத்தனமா ரத்தம் குடுத்தவராவே இருக்கணும்னு வேண்டிக்கிட்டேதான் வந்தேன். எந்தப் பொண்டாட்டியாவது இப்படி வேண்டுவாளா? நிறுத்தினா ஏறிரும்ல? நீங்க எவ்வளவோ பாத்திருக்கீங்க, சொல்லுங்க.

— அக்கா...

— நீங்க ஏன் அழறீங்க? உங்களை நான் ஒண்ணும் சொல்லலையே. குருவிக்கு ரத்தத்துக்குக் கவலைப்படாதீங்க. பட்டறையில இருக்கற பசங்க நாலு பேரை நானே பேசி அனுப்பி வைக்கறேன். இவரை மட்டும் விட்டுருங்க.

— அவர் ரத்தம் குடுத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுக்கா.

— யாரு?

— லேத்து அண்ணன். ரத்த வங்கியில விரல்ல குத்திப் பாத்துட்டு, உங்களுக்கே ரத்தம் பத்தல, முதல்ல டாக்டரைப் பாருங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியும்னுதான் நான் நினைச்சேன். முன்னாடி குடுத்ததைத்தான் சொல்றீங்கன்னு நினைச்சு நான் பேசாம இருந்தேன். அதுக்கப்புறம் அவர் சும்மாதான் வர்றாரு. கட்டில் பக்கத்துல உக்காந்து குருவிக்குக் கதை சொல்லிட்டுப் போயிருவாரு.

— போன வாரம்?

— சும்மாதான் வந்தாரு.

— நான் பாத்தேனே. கையில. இதே மீன்.

— அது குருவி ஒட்டினதுக்கா. மாமாவுக்கு வலிக்குதுன்னு வயித்துலதான் ஒட்டப் போனா. அவர்தான் சட்டையை இழுத்து மூடிக்கிட்டு, இங்க ஒட்டு போதும்னு கையை நீட்டினாரு.